எட்டுக் கிலோ ரோடு பைக்: உதிரியாக வாங்கி நீங்களே பூட்ட ஒரு வழிகாட்டி

கடையில் முழுதாகப் பூட்டி நிறுத்தியிருக்கும் ரோடு பைக்கைவிட (தார்ச் சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான இலேசான சைக்கிள்), பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது மலிவாக முடியும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். தொழிற்சாலைக்கு மொத்தக் கொள்முதலில் கிடைக்கும் விலை நமக்குக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்துகொள்ளும். இருந்தும் இந்த வேலையில் இறங்க வலுவான காரணம் ஒன்று உண்டு: எந்த இடத்தில் எடையைக் குறைப்பது, எந்த இடத்தில் குறைக்காமல் விடுவது என்ற முடிவு முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. சாதாரண சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் தெரிந்த, ஆனால் ரோடு பைக் ஒன்றை முதன்முதலாகப் பூட்டப்போகிற ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நம் இலக்கு, பெடலும் பாட்டில் தாங்கியும் சேர்த்து எட்டுக் கிலோ.

எடை எவ்வளவு உதவும்?

செலவு செய்வதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். ஏற்காட்டு மலைப்பாதை போல ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறும் சாலையில், சீராக 150 வாட் ஆற்றலைக் கால்கள் கொடுத்துக்கொண்டிருந்தால், காற்றையும் டயர் உராய்வையும் கணக்கில் சேர்க்காமல், உயரத்தை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 87 நிமிடங்கள் ஆகும். வண்டியில் ஒரு கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது ஒரு நிமிடமும் சில விநாடிகளும்தான். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் போன்ற சமதளத்தில் அந்த ஒரு கிலோவால் ஏற்படும் வேறுபாட்டைக் கடிகாரத்தில் காண்பதே கடினம். அங்கே நம்மைத் தடுப்பது காற்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பதையும், நிரப்பிய 750 மில்லி பாட்டில் இரண்டு சேர்ந்தால் ஒன்றரைக் கிலோ என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், பத்துக் கிராமுக்காகப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கும் ஆசை தானாகவே அடங்கிவிடும்.

தொழில்முறைப் பந்தயங்களில்கூட, உலக சைக்கிள் ஓட்டக் கூட்டமைப்பான யு.சி.ஐ. 2000ஆம் ஆண்டு முதல் 6.8 கிலோவுக்குக் குறைவான வண்டியை அனுமதிப்பதில்லை. அந்த எல்லையை நெருங்க நமக்கு எந்தத் தேவையும் இல்லை. எட்டுக் கிலோ என்பது ஒரு கையால் தூக்கி மாடிப்படி ஏறக்கூடிய, அதே சமயம் நம் சாலைகளின் வேகத்தடைகளைத் தாங்கக்கூடிய ஒரு நடுவான அளவு.

அளவெடுத்தல்

பெரும்பாலோர் ஃபிரேமை நிறம் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு அதற்குள் தங்கள் உடலைத் திணிக்கப் பார்க்கிறார்கள். அளவு பொருந்தாத ஆறு கிலோ வண்டியைவிட அளவு பொருந்திய பத்துக் கிலோ வண்டி வேகமாகப் போகும் என்பது என் உறுதியான கருத்து. முதுகுவலியோடு யாரும் நீண்ட தூரம் மிதிப்பதில்லை.

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் இருக்கை போல மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால் வருவது, பெடல் அச்சுகள் சுழலும் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தோராயமான உயரம். கால் அளவு 80 சென்டிமீட்டர் என்றால் இருக்கை உயரம் 70.6 சென்டிமீட்டர். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஓட்டிப் பார்த்துச் சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதிக்கும்போது முழங்கால் முற்றிலும் நீண்டு, இடுப்பு ஆடாமல் இருந்தால் உயரம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஃபிரேமின் அளவு அட்டவணையில் 52, 54 என்ற எண்களைப் பார்த்து மயங்காமல், ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகளைப் பாருங்கள். முன்னது ஹேண்டில்பார் பக்கம் ஃபிரேம் எவ்வளவு உயர்கிறது என்பதையும், பின்னது எவ்வளவு நீண்டு போகிறது என்பதையும் காட்டும். ஒரு நிறுவனத்தின் 54, இன்னொரு நிறுவனத்தின் 52 ஆக இருக்கலாம். ஸ்டாக்கும் ரீச்சும் மில்லிமீட்டரில் இருப்பதால் ஏமாற்றுவதில்லை. குட்டையானவர்கள் கிராங்க்கின் (பெடலைத் தாங்கிச் சுழலும் கை) நீளத்தையும் கவனிக்க வேண்டும்; 172.5 மி.மீ. கிராங்க்குக்குப் பதிலாக 165 மி.மீ. கிராங்க் போட்டால் முழங்கால் நன்றி சொல்லும்.

ஃபிரேமும் பாகங்களும்

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7. எஃகு ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். விறைப்பிலும் ஏறத்தாழ அதே மூன்று மடங்கு. அதனால்தான் எஃகு ஃபிரேமின் குழாய்கள் மெல்லியதாகவும் ஒடுக்கமாகவும் இருக்க முடிகிறது. அலுமினியத்தில் அதே விறைப்பைப் பெறக் குழாயின் விட்டத்தைப் பெருக்குகிறார்கள். நல்ல எஃகு ஃபிரேம் இரண்டு கிலோவை ஒட்டி வரும். நல்ல அலுமினிய ஃபிரேம் 1,200 அல்லது 1,300 கிராமில் கிடைக்கும். கார்பன் இழை ஃபிரேம் இதைவிடக் குறைவு. ஆயினும், பெயர் தெரியாத மலிவான கார்பன் ஃபிரேமையோ, விழுந்து எழுந்த வரலாறு தெரியாத பழைய கார்பன் ஃபிரேமையோ முதல் வண்டிக்கு வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அடிபட்ட அலுமினியம் பெரும்பாலும் நசுங்கிக் காட்டிவிடும், கார்பன் உள்ளே விரிசல் விட்டு வெளியே பளபளப்பாகவே இருக்கக்கூடும். கார்பன் ஃபோர்க் பொருத்திய அலுமினிய ஃபிரேம் என்பதே இந்தக் கட்டுரையின் தேர்வு.

சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கா, சக்கர மையத்தில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும். ரிம் பிரேக் வண்டி ஏறத்தாழ அரைக் கிலோ இலேசாகவும், பூட்டுவதற்கும் சரிசெய்வதற்கும் எளிதாகவும் இருக்கும். புதிய ஃபிரேம்களில் பெரும்பாலானவை இப்போது டிஸ்க்குக்கே வருகின்றன. எனவே, ரிம் பிரேக்குக்கான ஃபிரேமைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும், சில நேரம் பழையதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். எதை எடுத்தாலும் சக்கரத்தையும் அதற்கேற்றாற்போல் வாங்க வேண்டும்: ரிம் பிரேக் ஃபிரேமின் பின்பக்க இடைவெளி 130 மி.மீ.; டிஸ்க் ஃபிரேமில் 142 மி.மீ. அகலமும் 12 மி.மீ. அச்சும் வழக்கம். ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் நுழையாது.

என் கணக்குப் புத்தகத்தில் எட்டுக் கிலோ எப்படிப் பிரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஃபிரேம், ஃபோர்க், ஹெட்செட் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மூன்றும் 1,750 கிராம். சக்கரங்கள் இரண்டும் 1,500. 28 மி.மீ. டயர் இரண்டு 520, டியூப் இரண்டு 200. ஷிமானோ 105 வரிசையின் 11 கியர் ரிம் பிரேக் தொகுதி, அதாவது லீவர், டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி), கிராங்க், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு), செயின், பிரேக், கேபிள் எல்லாம் சேர்ந்து 2,700க்குச் சற்று மேல். ஹேண்டில்பார், ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்), பார் டேப் (ஹேண்டில்பாரில் சுற்றும் பட்டை), இருக்கை, இருக்கைத் தண்டு, அதன் இறுக்கி ஆகியவை 915. மிச்சம் பெடல், சக்கர இறுக்கிகள், பாட்டில் தாங்கிகள். கூட்டினால் எட்டுக் கிலோவுக்கு ஐம்பது கிராம் அங்கே இங்கே வரும். ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் வைத்து நீங்களே எடை பாருங்கள்; பெட்டியில் அச்சிட்ட எடை பலமுறை ஆசை எடையாகவே இருக்கிறது.

பணத்தை முதலில் சக்கரத்தில் போடுங்கள். கடை வண்டிகளில் வரும் 1,900 கிராம் சக்கரச் சோடிக்குப் பதிலாக 1,500 கிராம் சோடி போட்டால் ஒரே அடியில் நானூறு கிராம் போய்விடுகிறது. சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்காகும் என்ற பேச்சு, நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும்போது ரிம்முக்கும் டயருக்கும் ஓரளவு பொருந்தும். சீராக மலையேறும்போது சக்கரத்தின் கிராமும் ஃபிரேமின் கிராமும் ஒன்றேதான். டியூபிலும் எளிதில் எடை குறையும்: சாதாரண பியூட்டைல் டியூப் நூறு கிராம், டி.பி.யு. எனும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் நாற்பதுக்கும் குறைவு. ஆனால் நீண்ட இறக்கத்தில் ரிம் பிரேக் ரிம்மைச் சூடாக்கும் என்பதால், அப்படிப்பட்ட சக்கரத்தில் அதைப் போடலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் மட்டும் போடுங்கள். ஹேண்டில்பார், ஸ்டெம், பிரேக், இந்த மூன்றிலும் இலேசான மலிவுப் பொருளைத் தேட வேண்டாம். இவற்றில் ஏதாவது முறிந்தால் ஓட்டுபவர் தரையில் இருப்பார்.

கியரைத் தேர்ந்தெடுக்கும்போது வீரத்தைக் காட்டாதீர்கள். முன்னால் 50, 34 பற்கள், பின்னால் 11 முதல் 32 பற்கள் என்ற சேர்க்கை மலைக்குப் போகும் புதியவருக்குப் பொருத்தமானது. 34க்கு 32 என்ற கடைசிக் கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.27 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பதரைக் கிலோமீட்டர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேகத்தைக்கூட ஆடம்பரம் என்று நினைக்கும் நேரம் வரும்.

கருவிகள்

4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், கேபிள் வெட்டி, செயின் பின் தள்ளும் கருவி, பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் பேரிங் தொகுதி) சாவி, கேசட் பூட்டுவளையச் சாவி, கிரீஸ் ஆகியவை போதும். கேசட்டைக் கழற்றச் செயின் விப் (பல்சக்கரத்தைச் சுழலாமல் பிடிக்கும் கருவி) வேண்டும். பூட்டும்போது அது தேவையில்லை. தயவுசெய்து மிச்சம் பிடிக்கக் கூடாத கருவி டார்க் ரெஞ்ச்; எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் காட்டுவது அது. இலேசான பாகங்களில் உலோகமும் கார்பனும் மெல்லியவை. பழைய சைக்கிளில் பழகிய கை, ‘இன்னும் கொஞ்சம்’ என்று திருப்பும் கடைசிக் கால் சுற்றில்தான் ஆயிரக்கணக்கான ரூபாய் முறிகிறது.

பூட்டும் வரிசை

ஃபோர்க்கில் தொடங்குங்கள். ஹெட்செட்டின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் தடவி, ஃபோர்க்கை ஏற்றி, ஸ்டெம்மையும் அதன் கீழே 30 மி.மீ. அளவுக்கு ஸ்பேசர் வளையங்களையும் மாட்டி, வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் தண்டின் உச்சி, மேல் வளையத்தின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. தாழ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி அழுத்தம் கொடுக்காது. கார்பன் தண்டை நுண்பல் ரம்பத்தால், ஈரத்துணி சுற்றி, முகக்கவசம் அணிந்து வெட்டுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. என் முதல் வண்டியில், படத்தில் பார்த்த பந்தய வண்டி போலத் தாழ்வாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் வளையமே இல்லாமல் ஒட்ட வெட்டிவிட்டு, ஓராண்டு முழுவதும் கழுத்துவலியோடு ஓட்டினேன். வெட்டிய தண்டை நீட்ட வழியே கிடையாது. எனவே முதலில் நீளமாகவே வைத்து, மிச்ச வளையங்களை ஸ்டெம்முக்கு மேலே மாட்டி, இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு வெட்டுவதே அறிவு.

அடுத்து பாட்டம் பிராக்கெட். இதில் பல தரங்கள் உண்டு. புதியவர் மரையுள்ள 68 மி.மீ. வகையையே தேட வேண்டும், ஏனெனில் அடித்து ஏற்றும் வகைகள் கீச்சிடும் பழக்கம் உடையவை, கழற்றத் தனிக் கருவியும் கேட்பவை. இந்த மரைக்கு உலகெங்கும் பி.எஸ்.ஏ. மரை என்றே பெயர். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்து நம் தெருவெல்லாம் ஓடிய பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயரும், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த, பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்) என்ற அதே பழைய துப்பாக்கி நிறுவனத்திலிருந்து வந்ததுதான். செயின் பக்கக் கிண்ணம் இடது மரை. கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். இரண்டு பக்கமும் கையால் நான்கைந்து சுற்று எளிதாகப் போன பிறகே சாவியைப் போடுங்கள். முதல் சுற்றிலேயே இறுக்கமாக இருந்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். உடனே நிறுத்திக் கழற்றிவிடுங்கள். இறுதி இறுக்கம் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். பிறகு கிராங்க்கைச் செருகி, பிளாஸ்டிக் மூடியை விரலால் ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் திருப்பி, இடது கிராங்க் கையின் இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். பெடலில் இடது பக்கம் இடது மரை.

சக்கரத்துக்கு ரிம் டேப், டயர், டியூப் மாட்டி, கேசட்டை ஏற்றிப் பூட்டுவளையத்தை 40 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும். 11 கியருக்கான ஹப்பில் (சக்கரத்தின் மையப் பகுதி) 10 கியர் கேசட்டைப் போடுவதானால் பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்றைச் சேர்க்காவிட்டால் கேசட் லொடலொடவென்று ஆடும். புதிய சக்கரத்தையும் ஒரு முறை சுழற்றிக் கோட்டம் பாருங்கள். கோட்டம் எடுப்பது உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், உங்கள் பகுதியில் முப்பது ஆண்டாகக் கம்பி கட்டிய கடைக்காரர் ஒருவர் இருப்பார். அவருடைய கைக்கு ரோடு பைக் சக்கரமும் ஒன்றுதான்.

ஹேண்டில்பாரை ஸ்டெம்மில் மாட்டும்போது முன்தட்டின் நான்கு போல்ட்டுகளையும் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக, பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் வரை, இறுக்குங்கள். பாகத்தின் மேலேயே எண் அச்சிட்டிருந்தால் அதுதான் சட்டம். முன்பிரேக்கை எந்தக் கைக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் வாய்ப்பும் இப்போதுதான் கிடைக்கும். நம் ஊர் மோட்டார் சைக்கிளில் முன்பிரேக் வலக்கையில் இருக்கிறது. பதறும் நேரத்தில் கை பழகியதையே செய்யும். எனவே வலது லீவரையே முன்பிரேக்குக்கு இணையுங்கள். கேபிள் உறைகளை மாற்றிப் போடக் கூடாது: 5 மி.மீ. சுருள் உறை பிரேக்குக்கு, 4 மி.மீ. நேர்க்கம்பி உறை கியருக்கு. கியர் உறையைப் பிரேக்கில் போட்டால் அவசரப் பிடியில் அது பிளந்துகொள்ளலாம்.

செயினின் நீளத்தை அளக்க, டெரெய்லருக்குள் நுழைக்காமல், முன்னாலும் பின்னாலும் மிகப் பெரிய பல்சக்கரங்களைச் சுற்றிப் பிடித்து, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து வெட்டுங்கள்.

கியர் சரிசெய்வதில்தான் புதியவர்கள் மனம் தளர்கிறார்கள். காரணம், எல்லாத் திருகுகளையும் ஒரே நேரத்தில் திருப்புவது. கேபிளை இணைக்காமலே தொடங்குங்கள். செயின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் இருக்கும்போது, டெரெய்லரின் மேல் உருளை அந்தப் பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே வரும்படி ‘எச்’ திருகைத் திருப்புங்கள். பிறகு கையால் டெரெய்லரை உள்ளே தள்ளி, மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு நேராக அது நிற்கும்படி ‘எல்’ திருகை வையுங்கள். இந்த ‘எல்’ திருகு தளர்ந்திருந்தால் செயின் கம்பிக்குள் பாயும், பின்சக்கரமும் டெரெய்லரும் ஒரே நொடியில் போகும். இவ்விரண்டும் நிலைத்த பிறகே கேபிளை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பல்சக்கரம் ஏறும் வரை கேபிளின் இறுக்கத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகச் சரிசெய்ய வேண்டும். எல்லாத் திருகும் சரியாக இருந்தும் கியர் தடுமாறினால் டெரெய்லர் தொங்கும் காது வளைந்திருக்கும். முன் டெரெய்லரின் கூடு, முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில், அதற்கு இணையாக நிற்க வேண்டும். பார் டேப்பைக் கடைசியில், பிரேக் எல்லாம் சோதித்து முடித்த பிறகு சுற்றுங்கள்.

ஓட்டுதல்

முதல் நாள் காற்றழுத்தத்தை முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. என்று வைத்துத் தொடங்கலாம். எழுபது கிலோ அளவுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் இது போதும். கல்லாக இறுக்கினால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. கரடுமுரடான தாரில் டயர் குதித்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். வீட்டருகே வண்டிகள் இல்லாத தெருவில் பத்து முறை பலமாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள். ஸ்டெம்மோ இருக்கையோ நகர்ந்தால் அங்கேயே தெரியட்டும். புதிய கேபிள் முதல் நூறு கிலோமீட்டருக்குள் சற்றுத் தளரும். அப்போது கியரை மீண்டும் ஒருமுறை சரிசெய்து, எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் பார்த்துவிடுங்கள்.

இலேசான வண்டி கைக்குச் சற்றுப் பதற்றமாகத் தோன்றும். பக்கக் காற்றில் முன்சக்கரம் அசையும். ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பதற்குப் பதிலாக முழங்கைகளை மடக்கித் தளர்வாக வைத்தால் அது தானே நேராகும். கடலோரச் சாலையில் வெயில் ஏறியதும் கடற்காற்று எழும் என்பதால், விடியுமுன் விளக்கோடு கிளம்பி, காற்று வலுக்கும் முன் திரும்பும்படி தூரத்தைத் திட்டமிடுங்கள். ஏற்றத்தில் கால்கள் திணறத் தொடங்கிய பிறகு கியரை மாற்றினால் செயின் முறுக்கிக்கொள்ளும். வளைவு தெரியும்போதே மாற்றிவிட வேண்டும்.

இறக்கம்தான் உண்மையான தேர்வு. கைகள் ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்கட்டும். அங்கிருந்துதான் பிரேக்குக்கு முழு வலு கிடைக்கும். கொண்டை ஊசிக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன்மேல் எடையை ஊன்றி, வளைவின் முடிவைப் பார்த்தபடி திரும்புங்கள். உங்கள் இடப்பக்கத்தை விட்டு ஒரு சாண்கூட வெளியே போக வேண்டாம், ஏறி வரும் பேருந்துக்கு வளைவில் முழுச் சாலையும் வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தால் ரிம்முக்கு ஆறும் நேரம் கிடைக்கும்.

நூறு கிலோமீட்டர் பழகிவிட்டால், நெடுந்தூர சைக்கிள் அமைப்பான ஆடாக்ஸ் இந்தியா நடத்தும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கி.மீ. பயணமான பிரெவேயை முயலலாம், பதின்மூன்றரை மணி நேர அவகாசம் உண்டு, பந்தயம் அல்ல. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சிறு பராமரிப்பு. கடற்காற்றின் உப்பு, எஃகுக்குள் நிற்கும் அலுமினிய இருக்கைத் தண்டை ஒட்டவைத்துவிடும். அலுமினிய ஃபிரேமிலும் வெண்ணிற அரிப்பு வரும். மழையில் நனைந்து வந்த அன்றே தண்டின் உயரத்தை டேப்பால் குறித்துக்கொண்டு, அதைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி உள்ளே தேங்கிய நீரை வடித்துவிட்டு, கிரீஸ் தடவி மீண்டும் 5 நியூட்டன் மீட்டரில் பூட்டுங்கள். தண்டு கார்பனாக இருந்தால் கிரீஸுக்குப் பதில், வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட்.